பேர் வெட்டிய செம்பு

எதிர் வீட்டுத் தனக்கொடி எங்கள் வீட்டு நடையில் வந்து நின்று, "என்னாக்கா, வீட்டுல ஏதாச்சும் கஷ்டமா? ஒரு வார்த்த சொன்னா நாங்க செய்ய மாட்டமா?" என்று கேட்டாள்.

என் மனைவி செல்வாம்பாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கஷ்டமா? என்னாடி கஷ்டம்?"

"ஈயம் பித்தளக்காரன் பக்கிரி கூடையில பாத்தங்க்கா. ஒங்க வீட்டுப் பேரு போட்ட செம்பு. ஒண்ணு ரெண்டு இல்ல, கூடை நெறைய. பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டீங்களே, பழம் திங்கணும்னா எங்கிட்டக் கேக்கக் கூடாதா?"

உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நான் எழுந்து வெளியே வந்தேன். நான் வருவதைப் பார்த்ததும் தனக்கொடி புடைவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது அல்லவா.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு செம்பும் வெளியே போகவில்லை. அடுக்களையில் எண்ணிப் பார்த்தோம், எல்லாம் இருந்தன. ஆனாலும் தனக்கொடி பொய் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

என் தாத்தா வே. தணிகாசலம் வாழ்ந்த காலத்தில் புதுச்சேரியில் அவருக்குப் பத்திரிகை வைக்காமல் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. எந்தக் கல்யாணமானாலும் எங்கள் வீட்டு மொய் ஒரு பித்தளைச் செம்பு. செம்பின் கழுத்தில் 'வே. தணிகாசலம்' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். மற்றவர்கள் 'அன்பளிப்பு' என்ற சொல்லையும் சேர்த்து வெட்டுவார்கள். அது தாத்தாவுக்குப் பிடிக்காது. கொடுத்ததைக் கொடுத்தேன் என்று எழுதிக் காட்டுவது அற்பத்தனம் என்பார். பெயர் மட்டும் போதும். அவர் காலத்துக்குப் பிறகு என் தகப்பனாரும் அதே பெயரில் அதே செம்பைக் கொடுத்தார். நானும் கொடுத்தேன். மூன்று தலைமுறையாகக் கொடுத்த செம்புகள் இந்த ஊரில் எத்தனை அடுக்களைகளில் இருக்கும் என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. கொடுத்தவன் கணக்குப் பார்க்கக் கூடாது.

இப்போது எவர்சில்வர் வந்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம் என்று பெண்கள் அதன்மேல் விழுந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போய், எல்லையில் இருந்த சுங்கச் சாவடிகளை எடுத்த பிறகு வெளியூர் வியாபாரிகளும் தடையில்லாமல் வந்து போனார்கள். எல்லா வீட்டிலும் பரணில் கிடந்த பித்தளை இறங்கியது. அதில் பாதி எங்கள் தாத்தாவின் பெயரோடு இறங்கியது.

புதுச்சேரியில் ஒரு வீட்டுக்கு வேண்டாமல் போகிற பொருள் எதுவும் குப்பைக்குப் போவதில்லை. காலிப் புட்டிகள் சாராயக்கடைக்குப் போய் நிரம்பும். பழைய தாள் பெரிய கடைச் சந்தையில் மிளகாய்ப் பொட்டலமாகும். தேங்காய் ஓடு இஸ்திரிக்காரனுக்குக் கரியாகும். ஓட்டை ஈயமும் பித்தளையும் பக்கிரியின் கூடைக்குப் போகும். பதிலுக்கு அவன் பேரீச்சம்பழம் கொடுப்பான். அந்தப் பித்தளை தரகரிடம் சேர்ந்து, கும்பகோணம் போய் உருகி, புதுக் குடமாக இதே தெருவுக்குத் திரும்பி வரும். இந்த ஏற்பாட்டில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் வீட்டை விட்டுப் போகும் பொருள், எந்த வீட்டை விட்டுப் போகிறது என்று ஊருக்குச் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் மருந்துப் புட்டியைக்கூடச் சீட்டை ஊறவைத்து உரித்த பிறகுதான் கொடுப்போம். அப்படிப்பட்ட குடும்பத்தின் பெயர் பக்கிரியின் கூடையில், அழுகல் பழத்துக்குப் பக்கத்தில், தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரமே முதலியார்பேட்டையிலிருந்து வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார்கள். என் மகள் தையல்நாயகிக்கு அங்கே ஒரு வரன் ஏறக்குறைய முடிந்திருந்தது. "பாத்திரத்த வித்துச் சாப்புடுற எடத்துல பொண்ணெடுத்தா நாளைக்கி நம்ம பாத்திரமும் போவும்" என்று பையனின் அத்தை சொன்னாளாம். அடுத்து அரியாங்குப்பத்தில் ஜானகிராமன் என்பவரின் மகன், மின்சார இலாகாவில் வேலை. ஜாதகம் பொருந்தியிருந்தது. அவர்கள் பெண் பார்க்க வருவதற்குள் இந்தப் பேச்சு ஆற்றைத் தாண்டிவிட்டால் தையல்நாயகிக்குக் கல்யாணம் நடக்காது. இவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் பக்கிரியைத் தெருமுனையில் நிறுத்தினேன். நான் பிரெஞ்சு சர்க்காரில் நீதிமன்றத்தில் இருந்தவன் என்பதால் அவன் என்னை இன்னமும் முசியே என்றுதான் கூப்பிடுவான்.

"பக்கிரி, எங்கள் பெயர் போட்ட பாத்திரத்தை நீ வாங்கக் கூடாது."

"நா என்னாத்தக் கண்டன் முசியே? எனக்குப் பித்தளன்னா பித்தள. பேரு படிக்கத் தெரிஞ்சா நா ஏன் கூடை தூக்குறன், கோர்ட்டுல இல்ல குந்தியிருப்பன்?"

"வாங்கியதை என்னிடம் கொண்டு வா."

"எது ஒங்குளுதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? எல்லாத்துலயும்தான் புள்ளி புள்ளியா இருக்குது. நீங்க கூட வந்து பாத்துச் சொல்லுங்க."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே கூடப் போனேன். சேர்ந்து போகவில்லை. அவன் முன்னால் கூவிக்கொண்டு போவான். நான் சற்றுத் தள்ளி, கோட்டும் தலைப்பாகையும் அணிந்து, குடை பிடித்துக்கொண்டு, வேறு வேலையாகப் போகிறவனைப் போல நடப்பேன். ஒரு வீட்டில் செம்பு கைமாறியதும் நான் நெருங்கி, கழுத்தைத் தடவிப் பார்த்து, தாத்தாவின் பெயர் இருந்தால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வேன். அதற்கு ஈடாக என் தோட்டத்து மகசூலில் ஒரு பங்கை அவனுக்குக் கொடுத்தேன். அது போதும் என்று அவன் ஒப்புக்கொண்டான்.

இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. "முசியே கூட வராரு, எடையில ஏமாத்து இருக்காது" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அதுவரை பக்கிரியை நம்பாத வீடுகளும் பித்தளையை வெளியே எடுத்துவந்தன. அவன் வியாபாரம் இரட்டிப்பாயிற்று. "நீங்க வரத்துக்கு முன்ன நாந்தான் தொண்ட கிழியக் கத்தணும். இப்ப ஒங்க கொட தெரிஞ்சாப் போதும் முசியே, கதவத் தொறந்துடுறாங்க" என்றான்.

வீட்டில் செம்புகள் சேர்ந்தன. முதலில் அலமாரியில், பிறகு கட்டிலுக்கு அடியில், பிறகு மாடி அறை முழுக்க. செல்வாம்பாள், "பேர ராவி எடுத்துட்டு நாமளே கும்மோணத்துக்கு அனுப்பிடலாங்க" என்றாள். ஒரு குடும்பத் தலைவரின் பெயரை அரத்தால் ராவச் சொல்லுகிறாள். பதில் சொல்லத் தகுந்த பேச்சா அது?

முத்தியால்பேட்டையில் ஒருவர் அலுமினியத் தூக்குச்சட்டி ஒன்றை நீட்டினார். மூடியில் தாத்தாவின் பெயர் புத்தம் புதிதாக வெட்டியிருந்தது. "இது என்ன?" என்று கேட்டேன். "பேரு இருந்தா நீங்க அதிகமாப் பழம் குடுக்கிறீங்கன்னு சொன்னாங்க" என்றார் அவர், மறைக்காமல். தாத்தா காலத்தில் இந்த ஊரில் எவரும் அலுமினியத்தைக் கண்டதில்லை. ஆனால் பெயர் பெயர்தான். அது தெருவில் திரிய நான் விட முடியாது. பழம் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் பக்கிரிக்கு அம்மை போட்டுவிட்டது. அரியாங்குப்பத்தில் பல வீடுகளில் பழம் கொண்டு வருவதாக அவன் சொல்லி வைத்திருந்தான். "நா போவலன்னா கடலூர்க்காரன் பூந்துடுவான் முசியே. அவன் ஒங்க செம்ப ஊரூராத் தூக்கிக்கினு போவான்" என்று வேப்பிலைக்கு அப்பாலிருந்து சொன்னான். ஜானகிராமன் குடும்பம் இருக்கும் ஊரில், இன்னும் சில நாளில் பெண் பார்க்க வரப்போகிறவர்கள் கண்ணெதிரில், எங்கள் பெயர் கடலூர்க்காரன் தலையில் ஏறும். வேறு வழியில்லை. நானே புறப்பட்டேன்.

ரிக்‌ஷாவில் பாலம் தாண்டி இறங்கினேன். பழக்கூடையின்மேல் ஒரு சரிகைத் துண்டைப் போர்த்தியிருந்தேன். ஜானகிராமன் வீடு எந்தத் தெரு என்று முன்னமே விசாரித்து வைத்திருந்ததால் அந்தத் தெருவுக்குள் நான் நுழையவில்லை. அதற்குப் பின்னால் இருந்த சந்தில்தான் போனேன்.

பக்கிரியைப் போல நான் கூவவில்லை. எங்கள் குடும்பத்தில் தெருவில் நின்று குரல் உயர்த்தியவர் யாருமில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு முறை இருமினேன். இரண்டு மூன்று வீடுகளுக்குப் பிறகு பெண்களுக்கு அது பழகிவிட்டது. "இருமல்காரரு வந்துட்டாரு பாரு, அந்த ஓட்டச் செம்ப எடு" என்று ஒருத்தி உள்ளே சொல்வது கேட்டது. நான் நிமிர்ந்தே நின்றேன்.

சந்தின் கடைசியில் ஒரு பின்வாசல். கனத்த உடம்பு, மூக்கில் இரட்டைக்கல் பேசரி, அதட்டுகிற குரல் கொண்ட ஒரு அம்மாள் செம்பை நீட்டினாள்.

"ஈயம் பித்தளக்காரரே, இத எடுத்துக்கினு நல்ல பழமாப் போடுங்க."

செம்பின் கழுத்தைத் தடவினேன். எழுத்து தேய்ந்து கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் விரலுக்குத் தெரிந்தது. "இது யார் கொடுத்தது அம்மா?"

"எங்கம்மா கல்யாணத்துல யாரோ குடுத்தது. யாரு குடுத்தா என்னா, பித்தளதான? கனத்தப் பாருங்க."

நல்ல கனம்தான். தாத்தா காலத்துப் பித்தளை அப்படித்தான் இருக்கும் என்று உள்ளூரப் பெருமைப்பட்டேன். பழத்தை அள்ளிப் போட்டேன். அவள் ஒன்றை எடுத்துப் பிதுக்கிப் பார்த்தாள்.

"புழுத்துக் கெடக்கு."

"புழு இல்லை. இது அரபு நாட்டுப் பழம்."

"அரபு நாட்டுப் புழுவா இருக்கும். இன்னும் ரெண்டு கை போடுங்க. கோட்டுப் போட்டுக்கினு வந்தா மட்டும் போதுமா, கை நீள வேணாம்?"

இரண்டு கை போட்டேன். "கொசுறு?" என்றாள். கொசுறும் போட்டேன். ஒரு பெண்மணியிடம் பேரம் பேசுவது எங்களுக்கு வழக்கமில்லை.

நான் வீட்டுக்கு வந்ததும் செல்வாம்பாள் அந்தச் செம்பில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கினாள். அடியிலிருந்து தார் உருகி வந்தது. தாரோடு ஒரு செங்கல் துண்டும் வந்தது. கழுத்து குறுகலான செம்பு. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. எடை நிற்பதற்காகச் செங்கல்லை வைத்துத் தார் ஊற்றியிருக்கிறாள். செல்வாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாத்தாவின் பெயருக்குள் செங்கல்லை வைத்தவளை நான் மறக்கப்போவதில்லை என்று சொன்னேன்.

மறக்க அவகாசமும் இருக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அரியாங்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாடி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றேன். முதலில் ஜானகிராமன் இறங்கினார், சாதுவான மனிதர். அடுத்து பையன். பிறகு பையனின் தாய் குஞ்சம்மாள்.

கனத்த உடம்பு. மூக்கில் இரட்டைக்கல் பேசரி.

அந்தப் பின்வாசல் ஜானகிராமன் வீட்டுப் பின்வாசல். தெருவை விலக்கிப் போன நான் வீட்டை விலக்கவில்லை.

அவளும் என்னைப் பார்த்தாள். வாசற்படியில் வைத்த கால் அப்படியே நின்றது. வந்தவர்கள் வீட்டுப் பெண் செங்கல் வைத்துப் பித்தளை விற்றவள். பெண் கொடுக்கிறவர் தெருவில் பேரீச்சம்பழம் போட்டவர். இதில் யார் முதலில் வாய் திறந்தாலும் இரண்டு குடும்பமும் சந்தி சிரிக்கும். தையல்நாயகியின் கல்யாணம் வாசலோடு முடிந்துவிடும்.

"வாருங்கள்" என்றேன்.

"வரோம்" என்றாள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஜானகிராமன் என்னையே உற்றுப் பார்த்தார். "ஒங்கள எங்கயோ பாத்தாப்புல இருக்குதுங்களே. எங்க ஊருப் பக்கம் வந்தீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் குஞ்சம்மாள், "அவுரு ஏன் நம்ம ஊருக்கு வராரு? பேசாம இருங்க, எல்லாரையும் எங்கயோ பாத்தன்னுவீங்க" என்று அடக்கினாள்.

செல்வாம்பாள் கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்தாள். கூடவே ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழம். வீட்டில் மீந்து கிடந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துவிட்டாள். குஞ்சம்மாளின் கை தானாகப் போய் ஒன்றை எடுத்தது. எடுத்த கை தானாகப் பிதுக்கியது. பிறகு என்னைப் பார்த்துவிட்டு அதைக் கொட்டையோடு விழுங்கினாள்.

தையல்நாயகி வந்து நின்று வணங்கிவிட்டுப் போனாள். பையன் தாயைப் பார்த்துத் தலையசைத்தான். பேச்சு சீர்வரிசைக்கு வந்தது.

"பாத்திரமெல்லாம் எவர்சில்வர்லயே வச்சிடுங்க" என்றாள் குஞ்சம்மாள். "இந்தக் காலத்துல பித்தளைய யாரு தேய்க்கிறது?"

"பித்தளை என்றால் எடை நிற்கும்" என்றேன்.

"எட பாக்குற பழக்கம் எங்க வீட்டுல இல்லீங்க."

"அப்படியா? உங்கள் பக்கம் பாத்திரங்கள் அடிகனமாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன்."

ஜானகிராமன் மகிழ்ந்துபோய், "ஆமாங்க, எங்கள்து எல்லாம் பழய காலத்துப் பாத்திரம்" என்றார்.

குஞ்சம்மாள் கணவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "கனமா இருந்தா என்னா, லேசா இருந்தா என்னா. ஒடம்ப நல்லாப் பாத்துக்குங்க. வெயில்ல அலயிறவங்களுக்கு இருமல் வருமாம்."

"இவருக்கு இருமலே கெடையாதே" என்றாள் செல்வாம்பாள்.

"வரும்" என்றாள் குஞ்சம்மாள்.

பாதி எவர்சில்வர், பாதி பித்தளை என்று நான் இறங்கினேன். சரி என்று அவளும் இறங்கினாள். தாம்பூலத் தட்டை நான் எடுக்கும்போது அவள் கையை உயர்த்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு சம்பந்தி. பாத்திரத்துல ஒங்க வீட்டுப் பேரு வெட்ட வேணாம்."

அவள் பார்வை சுவரோரம் அடுக்கியிருந்த எங்கள் குடங்களின்மேல் போயிற்று. ஒவ்வொன்றின் கழுத்திலும் தாத்தாவின் பெயர். நான் ஏன் சந்துசந்தாகப் போனேன் என்பதை அவள் அந்த நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"பேரு இருந்துச்சின்னா, அப்பறம் அதுக்காக யாராச்சும் வெயில்ல அலயணும் பாருங்க" என்றாள்.

செல்வாம்பாள் என் முகத்தைப் பார்த்தாள். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி பெயரில்லாத பாத்திரத்தோடு புகுந்த வீட்டுக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. தாத்தா இருந்திருந்தால் தட்டைக் கீழே வைத்திருப்பார். கதவுக்குப் பின்னால் தையல்நாயகியின் வளையல் ஒலி நின்றுபோயிருந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"எங்கள் பெயர் இருக்காது" என்றேன். தட்டு மாறியது.

கல்யாணம் அடுத்த தையில் நடந்தது. சீர்ப் பாத்திரங்களைப் பந்தலில் பரப்பி வைத்தோம். ஊரே சுற்றி நின்று பார்த்தது. குஞ்சம்மாள் தன் உறவுப் பெண்களோடு வந்து, ஒரு குடத்தைத் தூக்கிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். கீழே வைத்தாள். செம்பைத் தூக்கினாள். பிறகு கரண்டியை. பிறகு எவர்சில்வர் தம்ளர்களை ஒவ்வொன்றாக.

சொன்ன சொல்லை நான் மீறவில்லை. எங்கள் பெயர் ஒன்றிலும் இல்லை. குடம் முதல் டபரா வரை, தோசைத் திருப்பி உள்பட, எல்லாவற்றிலும் 'அரியாங்குப்பம் ஜானகிராமன் மனைவி குஞ்சம்மாள்' என்று ஆழமாக வெட்டியிருந்தேன். புளி போட்டு எத்தனை காலம் தேய்த்தாலும் போகாத ஆழம்.

"என்னாங்க இது?" என்றாள் என்னிடம், மெதுவாக.

"சம்பந்தி வீட்டுக்குச் செய்கிற மரியாதை" என்றேன்.

சுற்றி நின்ற பெண்கள், இப்படி ஒரு பெருந்தன்மையைப் பார்த்ததில்லை என்று வாயாரச் சொன்னார்கள். குஞ்சம்மாளும் சிரித்து ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

தையல்நாயகிக்கு இப்போது இரண்டு குழந்தைகள். மாமியார் அவளை நன்றாக வைத்திருக்கிறாள். அடுக்களையில் நடக்க இடமில்லை, ஓட்டை விழுந்த கரண்டியைக்கூட அத்தை எடுத்துப் பரணில் வைக்கிறார் என்று மட்டும் வரும்போதெல்லாம் குறைப்படுகிறாள். இந்த நாள்வரை அந்த வீட்டிலிருந்து ஒரு தம்ளர் வெளியே போனதில்லை.